புகார் எதுவும் இல்லை

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருந்தேன். பெண் ஊழியர்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவுக்கும் அங்கே நான்தான் தலைவி. ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தட்டச்சாகி என் மேஜைக்கு வரும். குழு முறைப்படி கூடியது, புகார் எதுவும் இல்லை என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிடுவேன். குழு ஒருநாளும் கூடியதில்லை. வெளி உறுப்பினர் என்று பெயர் போட்டிருந்த அம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஒரு வருடம் புகார் வந்தது. நேராக என்னிடமே வந்தது. அந்த வருட அறிக்கையிலும் அதே வரி இருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வு பெற்று இப்போது வாழப்பாடியில் இருக்கிறேன். இதுவரை யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்காமலே போய்விடும் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரோ அந்தப் பெண்ணின் பெயரோ இதில் வராது. என் பங்கு எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதற்கு முன்னால் நான் செய்த வேறொரு காரியம் இருக்கிறது. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தை அவ்வளவு சுலபமாகப் போட்டிருக்க முடியாது.

தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களை ‘ஆத்தூர் பஸ் கோஷ்டி’ என்பார்கள். வாழப்பாடி, பேளூர், சிங்கிபுரம், மின்னாம்பள்ளி, காரிப்பட்டி என்று அந்தத் தடத்தில் வந்து போகிற நர்சுகள். அப்பா மரவள்ளிக்காட்டிலும் அம்மா ஜவ்வரிசி மில்லிலுமாக உழைத்துப் படிக்கவைத்த பெண்கள்தான் பெரும்பாலும். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலையை விடுவதாக இருந்தால் அதை மீட்பதே பெரிய பாடு.

எங்களுக்குள் ஒரு குலுக்கல் சீட்டு ஓடியது. பேளூர் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் மூத்த சிஸ்டர் அதை நடத்தினார். சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். சீட்டு குலுக்கக் கால் மணி நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் பேச்சுதான். எந்த டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தனியாக நிற்கக்கூடாது, எந்த வார்டில் ஆயா இல்லாமல் நைட் பார்க்கச் சொல்கிறார்கள், யாருக்கு வீட்டில் அடி விழுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒருத்தி முழுகாமல் இருந்தால் நிர்வாகத்துக்குச் சொல்லும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். எலும்பு முறிவு ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும். அங்கே அவள் நிற்காதபடி எங்களுக்குள்ளேயே டூட்டியை மாற்றிக்கொள்வோம். மேட்ரனிடம், “எனக்கு ஊர்ல ஒரு விசேஷம், அவ டூட்டிய நான் பாத்துக்கறேன்” என்று பொய் சொல்லும் முறை யாருக்காவது வரும். எந்தச் சட்டமும் எங்களைக் காப்பாற்றும் என்று அன்றைக்கு நாங்கள் நினைத்ததில்லை. ஒருத்தியை இன்னொருத்தி காப்பாற்றினோம்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதில்லை. 1989-ல் தர்மபுரியில் அரசு ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் அடுத்த சில வருடங்களில் சேலம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டன. என் அம்மாவே ஒரு குழுவில் இருந்தார். அம்மா குழுவில் என்ன செய்தாரோ அதைத்தான் நாங்கள் யூனிபாரத்தில் செய்தோம்.

ஜி.என்.எம். டிப்ளமா முடித்த நர்ஸ் மேலே போக வேண்டுமானால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தாக வேண்டும். இரண்டு வருடம், சம்பளம் இல்லாமல். எனக்குக் கைக்குழந்தை. வீட்டுக்காரர், “இருக்கிறது போதும்” என்றார். அந்த வருடச் சீட்டில் முதல் தவணையை யாரும் குலுக்கவில்லை. அக்கா பணத்தை ஒரு மருந்துக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். “நம்மள்ல ஒருத்தி அந்த ரூமுக்குள்ள போய் உக்காரணும். அப்பத்தான் நம்ம பேச்சு உள்ள கேக்கும்” என்றார். அந்த ரூம் என்றது நர்சிங் சூப்பிரண்ட் அறை. தன் மகளுக்குக் காது குத்துவதைத் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் ஒருத்தி அந்தச் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

படித்து முடித்து வார்டு இன்சார்ஜ் ஆனேன். சில வருடங்களில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

முதலில் சீட்டுக்குப் போவது குறைந்தது. மீட்டிங் இருக்கிறது, ஆடிட் இருக்கிறது என்று சொல்வேன். அதில் பாதி உண்மை. மறுபாதி, அங்கே போனால் இன்னும் அவர்களில் ஒருத்தியாகத்தான் உட்கார வேண்டியிருக்கும். நிர்வாகக் கூட்டத்தில் கோட் சூட் போட்ட ஆண்களுக்கு நடுவே இருந்த ஒரே பெண் நான். அங்கே என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன்.

அக்கா ஓய்வு பெற்ற பின்னும் சீட்டு நிற்கவில்லை. இளம் பெண்கள் நடத்தினார்கள். கூட ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் வைத்துக்கொண்டார்கள். 2016-ல் அதில் ஒரு செய்தி சுற்றியது. இந்திய செவிலியர் சங்கம் போட்ட வழக்கில் அந்த வருடம் ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்தையும் வேலை நிலைமையையும் ஆராயக் குழு போட வேண்டும் என்றது. அந்தக் குழு ஒரு பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு உள்ள சம்பளம், 100-க்கு மேல் இருந்தால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50-க்கு மேல் இருந்தால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50-க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். பரிந்துரைதான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் எங்கள் பெண்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எங்கள் மருத்துவமனை நூறு படுக்கையைத் தாண்டியது. அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது 20,000-த்துக்கும் வெகு கீழே.

மறு வருடம் நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசு ஒப்பந்த நர்சுகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டார்கள். டிவியில் அதைப் பார்த்த எங்கள் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். “சிஸ்டர்ஸ் ஏதோ சங்கம் வெக்கறாங்களாமே மேடம். யார் யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது” என்றார். சீட்டுதான் சார், சங்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். சங்கமாகவே இருந்தாலும் அது அவர்கள் உரிமை சார் என்று சொல்லியிருக்கலாம். நான் பெயர்களைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன்.

“நீங்களே பக்குவமா பாத்துக்கங்க” என்றார். பார்த்துக்கொண்டேன்.

நர்சிங் சூப்பிரண்டின் அதிகாரமெல்லாம் டூட்டி ரோஸ்டரில் இருக்கிறது. நீளமான நோட்டு. இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், கட்டத்துக்குக் கட்டம் மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப். பென்சிலால் போடுவேன், அழிக்க வசதியாக. அந்தப் பெண்களுக்கு ஒரே ஞாயிறு ஆஃப் வராதபடி போட்டேன். ஒரே வார்டில் இருந்தவர்களைப் பிரித்து ஒருத்தியை டயாலிசிஸ், ஒருத்தியை லேபர் ரூம், ஒருத்தியை ஓ.பி. என்று அனுப்பினேன். ஈவினிங் டூட்டி முடிந்து எட்டரை மணி ஆத்தூர் பஸ்ஸில் கூட்டமாக ஏறி ஒருத்திக்கொருத்தி துணையாகப் போனவர்கள். அந்த ஈவினிங்கையும் கலைத்தேன். மின்னாம்பள்ளியில் இறங்கி ஒரு பெண் இருட்டில் தனியாக நடந்து போகும்படி ஆனது. யாருக்கும் மெமோ கொடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. மூன்றாவது மாதத்தில் சீட்டு நின்றுபோனது. வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாட்சிக்கு யாரும் இல்லாமல், எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லாமல் ஒரு கூட்டத்தைக் கலைத்தேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள் என்பதால் எங்கே கை வைத்தால் உடையும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த வருடம்தான் ஐ.சி.யூ.விலிருந்து அந்தப் பெண் வந்தாள். கெட்டிக்காரி. இரண்டு வருடத்தில் ஐ.சி.யூ. இன்சார்ஜ் ஆகியிருப்பாள், அதற்கு நானே அவள் பெயரை எழுதி வைத்திருந்தேன். நான்காக மடித்த ஒரு கடிதத்தை நீட்டினாள். ஒரு மூத்த டாக்டர் இரவு ரவுண்ட்ஸில் மருந்து அறைக்குள் வந்து நடந்துகொண்டதைத் தேதி போட்டு எழுதியிருந்தாள். மூன்று இரவுகள். வாசித்தேன். நம்பினேன். நம்பவில்லை என்று ஒரு நொடிகூட என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அதே டாக்டரைப் பற்றி என் காலத்துச் சீட்டிலேயே பேசியிருக்கிறோம்.

“கல்யாணம் பேசிட்டிருக்காங்கன்னு சொன்னியே கண்ணு. இது வெளிய வந்தா யாருக்குக் கஷ்டம்?” என்றேன். கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம் அவளை ஓ.பி.க்கு மாற்றினேன், அவள் நன்மைக்கு என்று சொல்லி.

2013-ஆம் வருடச் சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவி, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், தொண்டு நிறுவனம் போன்ற வெளியிடத்திலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவள் எழுதிக் கேட்டால் அந்த ஆணை வேறு இடத்துக்கு மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம், அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்புக் கொடுக்கச் சொல்லலாம். இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். என்னுடைய கடமையே அதுதான். கேட்காமலே அவளை மாற்றினேன். அந்த டாக்டர் அதே இரவு ரவுண்ட்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்.

ஓ.பி.யில் நைட் அலவன்ஸ் கிடையாது. ஐ.சி.யூ. அனுபவமும் அதோடு நின்றது. சில மாதத்தில் வேலையை விட்டாள். அவளுடைய அனுபவச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ‘மிக நன்று’ என்று எழுதுகிற நான், அவளுக்குத் ‘திருப்திகரம்’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. ஏன் எழுதினேன் என்று பல இரவுகள் என்னையே கேட்டிருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவள் வந்து அந்தக் கடிதத்தை நீட்டியதால் நான் யார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கோபம்தான்.

இரண்டு காரியமும் தனித்தனி இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சீட்டு இருந்திருந்தால் அந்தப் பெண் முதலில் அங்கே போயிருப்பாள். என் அறைக்கு வரும்போது பின்னால் நாலு பேர் நின்றிருப்பார்கள். நாலு பேர் முன்னால் கல்யாணப் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு வந்திருக்காது. அவள் தனியாக வந்தாள், ஏனென்றால் அவளைத் தனியாக்கியவள் நான்.

மே 12 நர்சுகள் தினத்தன்று வருடா வருடம் மேடையில் பேசியிருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டசபைக்குப் போய் அங்கே துணைத் தலைவரும் ஆனவர். ஒற்றைப் பெண்ணாக நின்று ஜெயித்தார் என்று சொல்வேன், கைதட்டுவார்கள். அந்தக் கதையில் நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாழ்க்கையை நிதானமாகப் படித்தபோதுதான் விட்டது என்ன என்று தெரிந்தது. 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் அவர் பெயரைச் சட்டசபைக்கு முன்மொழிந்தது. புற்றுநோய் மருத்துவமனைக்காக அவர் பணம் திரட்டியதும் அந்தச் சங்கத்தின் பெயரால்தான். 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயரோடு இன்றைக்கும் அந்தச் சங்கத்தின் மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்த இடம் அது. கூட நின்ற பெண்களை வெட்டிவிட்டு அவர் கதையை வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த இளம் பெண்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது, மேலே போக வேண்டுமானால் தனியாகப் போ என்பதைத்தான்.

உலகம் முழுக்க சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த எண்ணிக்கை ஏற வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் மற்றது தானாக நடக்கும் என்று யாராவது சொன்னால் என்னைக் காட்டுங்கள். உட்கார்ந்திருந்தேன். நடக்கவில்லை.

பேளூர் அக்காவுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. நானே போனேன். திண்ணையில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “நம்ம சீட்டுல படிச்ச படிப்புடி அது” என்றார். அதற்குப் பிறகு நெடுநாள் என் போனை எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணை நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை அந்தச் சட்டப்படி உள்ள மாவட்ட அதிகாரிக்கு எழுதப்போகிறேன், உன் பெயரைச் சொல்லலாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “உங்க மனசு லேசாகறதுக்கு என் பேரு எதுக்குங்க மேடம்?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். அனுபவச் சான்றிதழைத் திருத்திக் கொடுக்க முடியுமா என்று. பதவியில் இல்லாத என்னால் அதுவும் முடியவில்லை. என் சொந்தப் பெயரில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பினேன். அது எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரியும்.

மாவட்ட அதிகாரிக்கு எழுதினேன், அவள் பெயர் இல்லாமல். குழு கூடியதே இல்லை, அறிக்கைகள் பொய், எல்லாவற்றிலும் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று எழுதி, கலெக்டர் ஆபீசில் ரசீது வாங்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் அக்காவே கூப்பிட்டார். அவர் வீட்டில் மறுபடியும் பெண்கள் கூடுகிறார்கள். சேலத்துக்கு வேலைக்குப் போகும் நர்சுகள், கிராம சுகாதார செவிலியர் ஒருவர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் தன்னார்வலர்கள் இரண்டு பேர், வாழப்பாடியில் சின்ன கிளினிக்குகளில் இருக்கும் பெண்கள். “என்கிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொல்லு” என்றார் அக்கா. சொன்னேன். பத்துப் பேருக்குக் குறைவான கிளினிக்கில் இருப்பவர்களும், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்பதையும் சொன்னேன். அந்தக் கிளினிக் பெண்களில் ஒருத்திக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு பெண் கேட்டாள்: “எங்க நர்சிங் சூப்பிரண்ட் நல்லவங்கதாங்க்கா. அவங்கள குரூப்புல சேத்துக்கலாமா?”

வேண்டாம் என்றேன். ரோஸ்டர் போடும் கை இந்தப் பேச்சுக்குள் இருக்கக்கூடாது என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இவ மேடம் ஆனதும் சீட்டுக்கு வர்றத நிறுத்துனா. ஏன் வரலைன்னு நாங்க யாரும் போய்க் கேக்கல. கேட்டிருக்கணும். வெளிய விட்டா இவளாட்டம்தான் ஆவாங்க” என்றார். அந்தத் தப்பில் பங்கு எடுத்துக்கொள்ள அக்கா முன்வந்தார், நான் கொடுக்கவில்லை. போகாமல் இருந்தது என் முடிவு. இதில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பெண்கள் வேறொன்று முடிவு செய்தார்கள். மாதா மாதம் அவரவர் ரோஸ்டரைப் போட்டோ எடுத்து வந்து எல்லாரும் சேர்ந்து வாசிப்பது. ஒருத்தி அப்போதே போனைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பெயருக்கு நேராக நைட் முடிந்த மறுநாளே ஈவினிங், ஆஃப் வர வேண்டிய இடத்தில் மறுபடி நைட், ஞாயிறு ஒன்றுகூட இல்லை. அந்த வார்டில் மற்ற எல்லாருக்கும் ஒழுங்காக இருந்தது. அப்படிப் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

“இது யாரு?” என்றேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“நீ என்ன கேட்டே அவங்ககிட்ட?”

“ஓவர் டைம் கணக்கு கேட்டேங்க்கா” என்றாள்.